மூன்று காகிதங்கள் – மார்வார் ராத்தோர்களின் வீர மரபு

ராஜபுத்திரர்கள் என்றவுடன் நம்மில் பெரும்பாலோருக்கு நினைவுக்கு வருபவர்கள் பிருத்விராஜ், ராணி பத்மினி, ராணா பிரதாப், அவருடைய குதிரை சேதக். நம் பள்ளிப் பாடப் புத்தகங்கள் அதோடு நிறுத்திக்கொண்டன. ராஜபுத்திரர் என்பது ஒரே குலம் அன்று, அதற்குள் பல குலங்கள் உண்டு என்பதும், சித்தூரின் சிசோதியர்கள், ஜெய்ப்பூரின் கச்சவாகர்கள், ஜெய்சல்மேரின் பட்டிகள், பூந்தியின் ஹாடாக்கள் என்று ஒவ்வொரு குலத்துக்கும் தனிச் சரித்திரம் உண்டு என்பதும் வடக்கே சென்று வசித்தவர்களுக்குத்தான் தெரிய வருகிறது.

நான் மத்திய அரசுப் பணியில் இருந்தபோது 1980-களில் நான்கு ஆண்டுகள் ஜோத்பூரில் இருக்க நேர்ந்தது. நான் விஞ்ஞானப் பட்டதாரி. சரித்திரத்தை முறையாகக் கற்றவன் அல்லன். ஆனால் ஜோத்பூரில் எந்தத் தெருவில் நின்றாலும் தலைக்கு மேலே மெஹரான்கட் கோட்டை தெரியும். ஏறக்குறைய 400 அடி உயரமுள்ள பாறைமீது, பாறையோடு பாறையாக எழும்பி நிற்கும் அந்தக் கோட்டையைத் தினமும் பார்த்துக்கொண்டு, அதைக் கட்டியவர்களைப் பற்றி அறிந்துகொள்ளாமல் இருப்பது கடினம். அப்போது தொடங்கிய வாசிப்பு பணி ஓய்வுக்குப் பின்னும் தொடர்ந்தது.

'ரண பங்கா ராத்தோர்' என்பது இக்குலத்தாரின் பெருமைமிகு அடைமொழி. போரில் வளைந்து கொடுக்காதவர்கள் என்று அதற்குப் பொருள் கொள்ளலாம். வாளும் குதிரையும் நிறைந்த சரித்திரந்தான். ஆயினும் வாழ்நாளில் பெரும்பகுதியைக் கோப்புகளோடு கழித்த எனக்கு ஒரு விஷயம் புலப்பட்டது. இந்தக் குலத்தின் தலைவிதி தீர்மானிக்கப்பட்ட மூன்று கட்டங்களில், வாளைவிட ஒரு துண்டுக் காகிதம் பெரிய வேலையைச் செய்திருக்கிறது. அந்த மூன்று காகிதங்களின் கதையை நம் அங்கத்தினர்களோடு பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரை.

மணல் நாட்டுக்கு வந்த கதை

ராத்தோர்கள் தங்களைக் கன்னோசி அரசன் ஜயச்சந்திரனின் வழித்தோன்றல்கள் என்று சொல்லிக்கொள்வார்கள். சம்யுக்தையின் தந்தை என்று நாம் கதைகளில் படித்த அதே ஜயச்சந்திரன்தான். இது குலப் பாடகர்களான சாரணர்களும் பாட்டுகளும் வழிவழியாகச் சொல்லி வந்தது. கல்லில் எழுதிய ஆதாரம் என்று பார்த்தால், பாலி நகருக்கு அருகே பிட்டூ என்னும் ஊரில் கிடைத்த 1273-ஆம் ஆண்டு நடுகல்லைச் சொல்ல வேண்டும். சீஹா என்ற ராத்தோர் வீரனின் மரணத்தை அது குறிக்கிறது. மார்வார் ராத்தோர்களின் மூல புருஷர் இவரே.

அதன்பின் ஒரு நூற்றாண்டுக்கு மேல் இவர்கள் சிறு சிறு நிலப்பகுதிகளுக்குத் தலைவர்களாகவே இருந்தார்கள். ராவ் சூண்டா காலத்தில், 14-ஆம் நூற்றாண்டின் இறுதியில், மண்டோர் கோட்டை இவர்கள் கைக்கு வந்தது. அதுவும் போரில் வென்றதன்று. அங்கே இருந்த இந்தா பிரதிஹாரர்கள் தங்கள் பெண்ணைச் சூண்டாவுக்குக் கொடுத்துக் கோட்டையையும் சீதனமாகக் கொடுத்தார்கள். தங்களால் காக்க முடியாத கோட்டையைக் காக்கக்கூடிய மருமகனிடம் ஒப்படைத்தார்கள் என்பதே சரி.

சூண்டாவின் மகன் ரண்மல் 1438-இல் சித்தூரில் கொல்லப்பட்டார். அவர் மகன் ஜோதா மண்டோரையும் இழந்து பதினைந்து ஆண்டுகள் பாலைவனத்தில் அலைந்தார். அந்தக் காலத்தைப் பற்றி ஒரு கதை வழங்குகிறது. ஜாட் குடியானவர் வீடொன்றில் ஜோதாவுக்குச் சுடச்சுடக் கம்பங்களி பரிமாறினார்கள். பசி மிகுதியில் நடுவில் கையை விட்டு விரலைச் சுட்டுக்கொண்டார். வந்தவர் யாரென்று அறியாத வீட்டுக்காரி, "நீயும் அந்த ஜோதாவைப் போலத்தான் இருக்கிறாய், ஓரத்தை விட்டுவிட்டு நடுவில் கை வைக்கிறாய்" என்றாளாம். சாணக்கியருக்கும் இதே கதை சொல்லப்படுவதை வாசகர்கள் அறிவர். நடந்ததோ இல்லையோ, ஜோதா அதன்பின் ஓரத்து ஊர்களை முதலில் பிடித்து, 1453-இல் மண்டோரை மீட்டார். 1459-இல் புதிய கோட்டைக்கு அடிக்கல் நாட்டினார். அதுவே மெஹரான்கட், கீழே எழுந்த நகரம் ஜோத்பூர்.

அண்ணன் தம்பிகளின் அரசு

ராத்தோர்களின் ராணுவ அமைப்பைப் புரிந்துகொள்ள ஒரு சொல் போதும்: 'பாயி பண்ட்'. சகோதரர்களுக்குள் பங்கு என்று பொருள். அரசன் நாட்டுக்கு ஏகபோக உரிமையாளன் அல்லன். கூட்டுக் குடும்பத்தில் கர்த்தா இருப்பதைப் போல முதல் மரியாதைக்கு உரியவன், அவ்வளவே. சகோதரர்களும் சிற்றப்பன் பெரியப்பன் பிள்ளைகளும் தத்தம் நிலங்களை வைத்துக்கொண்டு, போர் வந்தால் தங்கள் குதிரைகளோடும் ஆட்களோடும் வந்து சேருவார்கள். சம்பளப் பட்டியல் கிடையாது. ரத்த சம்பந்தந்தான் பட்டியல்.

ரண்மலுக்கு இருபதுக்கும் மேற்பட்ட பிள்ளைகள். அவர்கள் வழியே சாம்பாவத், கர்ணோத் என்று பல கிளைகள் உண்டாயின. ரண்மலின் பிள்ளைகள் யாரை அமர்த்துகிறார்களோ அவனே ராஜா என்று மார்வாரில் ஒரு பழமொழி உண்டு. மூத்தவர் அகேராஜ், தம்பி ஜோதாவுக்குத் தன் உரிமையை விட்டுக்கொடுத்து, தன் கட்டைவிரலைக் கீறி அந்த ரத்தத்தால் ஜோதாவின் நெற்றியில் திலகம் இட்டார் என்பது மரபு. அதன்பின் ஜோத்பூரில் எந்த அரசர் பட்டமேற்றாலும், அகேராஜின் வழிவந்த பக்டி ஊர்த் தாக்கூரே கட்டைவிரல் ரத்தத்தால் திலகமிடும் வழக்கம் ஏற்பட்டது. இதை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். சற்று நேரத்தில் தேவைப்படும்.

ஜோதாவின் மகன்களில் ஒருவரான பீக்கா வடக்கே சென்று 1488-இல் பிக்கானேரை நிறுவினார். இன்னொரு மகன் தூதா மேர்தாவில் அமர்ந்தார். தூதாவின் பேத்திதான் நாம் எல்லோரும் அறிந்த பக்த மீரா. எம்.எஸ். சுப்புலட்சுமி அவர்கள் 1945-இல் 'மீரா' படத்தில் பாடி நடித்ததைத் தமிழர் எவரும் மறக்க முடியாது. அந்த மீரா ஒரு ராத்தோர் பெண் என்பது பலருக்குத் தெரியாது. மீராவின் பெரியப்பா மகன் ஜயமல். 1567-68-இல் அக்பர் சித்தூரை முற்றுகையிட்டபோது கோட்டையைக் காத்து உயிர் நீத்த தளபதி அவர். பக்தியும் வீரமும் ஒரே வீட்டு முற்றத்தில் வளர்ந்தன என்றால் மிகையாகாது.

முதல் காகிதம்: 1544

ஜோதாவின் வழியில் வந்த ராவ் மால்தேவ் 1530-களில் அரியணை ஏறினார். வட இந்தியாவில் அன்று அவருக்கு நிகரான இந்து அரசர் இல்லை என்னும்படி நாடு விரிந்தது. ஆனால் விரிவடைந்த விதத்தில் ஒரு கோளாறு இருந்தது. மேர்தாவின் வீரம்தேவையும், பிக்கானேர் ராத்தோர்களையும், அதாவது சொந்தப் பங்காளிகளையே, துரத்திவிட்டு நிலத்தைப் பிடித்தார். துரத்தப்பட்டவர்கள் டெல்லிக்குச் சென்று ஷேர் ஷாவிடம் முறையிட்டார்கள்.

ஷேர் ஷா பெரும் படையோடு வந்தார். ஜைதாரண் அருகே கிரி, சுமேல் என்ற கிராமங்களை ஒட்டி இரு படைகளும் ஏறக்குறைய ஒரு மாதம் எதிரெதிரே நின்றன. மணல் நிலத்தில் அகழி வெட்டினால் சரிந்து விழுந்தது. சாக்குகளில் மணலை நிரப்பி அரணாக அடுக்கலாம் என்று ஷேர் ஷாவின் சிறுவயதுப் பேரன் யோசனை சொன்னதாக அவருடைய சரித்திரத்தில் குறிப்பு இருக்கிறது. அப்படியும் ராத்தோர் குதிரைப்படையை நேருக்கு நேர் சந்திக்க ஷேர் ஷா தயங்கினார்.

அப்போது எழுதப்பட்டதுதான் முதல் காகிதம். மால்தேவின் தளபதிகள் ஷேர் ஷாவுக்கு எழுதியதைப் போலச் சில போலிக் கடிதங்கள் தயாரிக்கப்பட்டன. 'கவலை வேண்டாம், போர் நடக்கும்போது மால்தேவைப் பிடித்து உம்மிடம் ஒப்படைக்கிறோம்' என்பது அவற்றின் சாரம். ஒரு பட்டுப் பையில் இட்டு, மால்தேவின் ஆட்கள் கண்ணில் படும்படி போடப்பட்டன. துரத்தப்பட்ட மேர்தா வீரம்தேவின் மூளைதான் இதன் பின்னால் இருந்தது என்று ராஜஸ்தானி வரலாற்றுக் குறிப்புகள் சொல்லுகின்றன. எந்தச் சொல் எங்கே தைக்கும் என்று பங்காளிக்குத்தானே தெரியும்!

மால்தேவ் கடிதத்தை நம்பினார். தம் தளபதிகளைக் கூப்பிட்டுக் கேட்டார். அவர்கள் சத்தியம் செய்தும் மனம் தெளியவில்லை. இரவோடு இரவாகப் பெரும் பகுதிப் படையோடு பின்வாங்கினார். சந்தேகத்துக்கு ஆளானவர்களில் முதன்மையானவர்கள் ஜைதா, கூம்பா. இருவரும் அகேராஜின் பேரர்கள். எந்தக் குடும்பம் விரலைக் கீறி அரசனை அரசனாக்கியதோ, அந்தக் குடும்பத்தின் மீதுதான் அரசனுக்குச் சந்தேகம் வந்தது.

இதுவரை பின்வாங்கி விட்டுவந்த நிலம் மால்தேவ் சம்பாதித்தது, இனி உள்ளது தங்கள் முன்னோர் சம்பாதித்தது, இதை விட்டு நகர முடியாது என்று இருவரும் சொல்லிவிட்டதாக மரபு. சில ஆயிரம் பேரோடு அவர்கள் ஷேர் ஷாவின் முழுப் படையின் மீதும் பாய்ந்தார்கள். ஆப்கானியரின் முன் வரிசைகள் கலைந்தன. புதிய படை வந்து சேர்ந்த பிறகே ராத்தோர்களை வீழ்த்த முடிந்தது. ஜைதா, கூம்பா இருவரும் களத்திலேயே மடிந்தார்கள். ஒரு கைப்பிடிக் கம்புக்காக இந்துஸ்தானத்து ராஜ்யத்தையே இழக்க இருந்தேன் என்று ஷேர் ஷா பெருமூச்சு விட்டதாகச் சொல்வார்கள். கம்பு தவிர வேறு அதிகம் விளையாத நாடு மார்வார்.

அந்தக் கைப்பிடிப் படையே இவ்வளவு செய்ததென்றால், முழுப் படையும் நின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும்? ஜோத்பூர் கோட்டையும் ஷேர் ஷா வசம் போயிற்று. அவர் 1545-இல் காலிஞ்சரில் இறந்த பிறகே மால்தேவ் அதை மீட்டார். களத்தில் மடிந்த இருவரின் பெயரால் ஜைதாவத், கூம்பாவத் என்ற கிளைகள் இன்றளவும் இருக்கின்றன.

இடைக்காலமும் ஒரு கணக்காளரும்

மால்தேவின் மகன் சந்திரசேன் அக்பருக்குப் பணியாமல் 1581-இல் இறக்கும் வரை காட்டிலும் மலையிலும் போராடினார். அவருடைய சகோதரர் உதய் சிங் மொகலாயருடன் சமாதானமாகி 1583-இல் ஜோத்பூரைப் பெற்றார். அவர் மகளே ஜஹாங்கீரின் மனைவி, ஷாஜஹானின் தாய். அதன்பின் சுமார் நூறு ஆண்டுகள் ராத்தோர் குதிரைப்படை மொகலாயப் பேரரசுக்காகத் தக்காணத்திலும் ஆப்கன் எல்லையிலும் போரிட்டது. இதை இழுக்கு என்று மறைப்பவர்களும் உண்டு. ராஜதந்திரம் என்று புகழ்பவர்களும் உண்டு. வறண்ட நாட்டுக்கு வெளிச் சம்பாத்தியம் தேவைப்பட்டது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

இந்தக் காலத்தில்தான், மஹாராஜா ஜஸ்வந்த் சிங்கின் திவானாக முஹணோத் நைண்சி என்ற ஜைனர் இருந்தார். ராத்தோர் உள்ளிட்ட பல குலங்களின் வரலாற்றைத் திரட்டியவர். மார்வாரின் பர்கனாக்களைப் பற்றி 'விகத்' என்ற பெரிய நூலையும் உருவாக்கினார். எந்தக் கிராமத்தில் எத்தனை கிணறு, என்ன விளைச்சல், எவ்வளவு வருமானம் என்று ஊர் ஊராகப் பதிவு செய்திருக்கிறார். பாடகர்கள் வாளைப் பாடினார்கள். வாளுக்குச் சோறு எங்கிருந்து வந்தது என்பதை எழுதி வைத்தவர் இந்த அதிகாரி. பிற்காலத்தில் அவரை ராஜபுதனத்தின் அபுல் ஃபசல் என்றார்கள். ஆனால் அரசரின் கோபத்துக்கு ஆளாகிச் சிறைப்பட்டு, 1670-இல் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். அவரைப் பற்றிப் படித்த அன்று எனக்கு வேறு எதுவும் படிக்கத் தோன்றவில்லை.

இரண்டாம் காகிதம்: 1681

ஜஸ்வந்த் சிங் 1678 இறுதியில், கைபர் கணவாய்க்கு அருகில் ஜம்ரூத் என்ற இடத்தில், வாரிசு இல்லாமல் இறந்தார். ஆனால் இரண்டு ராணிகள் கர்ப்பமாக இருந்தார்கள். 1679 பிப்ரவரியில் லாகூரில் இரண்டு ஆண் குழந்தைகள் பிறந்தன. ஒன்று தங்கவில்லை, மற்றது அஜீத் சிங். ஔரங்கசீப் குழந்தையின் உரிமையை ஏற்காமல், 36 லட்சம் ரூபாய் காணிக்கைக்கு ஜோத்பூரை நாகோர் கிளையைச் சேர்ந்த இந்தர் சிங்குக்குக் கொடுத்தார். குழந்தை டெல்லியில் அரசுக் காவலில் வளர வேண்டும் என்றும் உத்தரவாயிற்று.

அப்போது முன்னுக்கு வந்தவர் துர்காதாஸ் ராத்தோர். கர்ணோத் கிளை, 1638-இல் பிறந்தவர். 1679 ஜூலையில் டெல்லியில் ராத்தோர்களின் மாளிகையை மொகலாயப் படை சூழ்ந்தது. ஒரு சிறு கூட்டம் தெருவில் நின்று மடிய, மற்றவர்கள் குழந்தையோடு தப்பினார்கள். கோரா என்ற செவிலித்தாய் தன் குழந்தையை இளவரசனின் தொட்டிலில் இட்டாள் என்றும், முகுந்ததாஸ் கீச்சி பாம்பாட்டி வேடத்தில் கூடைக்குள் குழந்தையைக் கொண்டு சென்றார் என்றும் மார்வார் மக்கள் இன்றும் சொல்வார்கள். சிரோஹி ராஜ்யத்தில் காலிந்த்ரி என்ற ஊரில் ஜயதேவர் என்ற அந்தணர் வீட்டில் குழந்தை ரகசியமாக வளர்ந்தது. அந்த வீட்டுக்காரருக்கு இது தெரியவந்தால் என்ன நேரும் என்று தெரியாமல் இருந்திருக்காது.

அரசன் இல்லாத குலம். நாடு எதிரி கையில். இந்நிலையில் ராத்தோர்கள் தங்கள் பழைய முறையை விட்டார்கள். கோட்டைக்குள் அடைபட்டு மடிவதோ, திறந்த வெளியில் மோதுவதோ இல்லை. வழிப்பாதைகளைத் தாக்குவது, வரி வசூலைத் தடுப்பது, மலைக்குள் மறைவது. ஜோதாவுக்குக் களி பரிமாறிய அந்த அம்மாள் சொன்ன பாடந்தான்: ஓரத்திலிருந்து தொடங்கு.

இவர்களை அடக்க அனுப்பப்பட்ட ஔரங்கசீப்பின் மகன் இளவரசர் அக்பரே மனம் மாறி, ராத்தோர்களோடு சேர்ந்து, 1681 ஜனவரியில் தன்னைப் பாதுஷாவாக அறிவித்துக்கொண்டார். அஜ்மீரில் அப்போது ஔரங்கசீப்பிடம் படை குறைவு. ஒரே பாய்ச்சலில் இந்தியச் சரித்திரம் மாறியிருக்கக் கூடும்.

ஔரங்கசீப் வாளை எடுக்கவில்லை, பேனாவை எடுத்தார். மகனுக்கு ஒரு கடிதம். 'சொன்னபடியே ராஜபுத்திரர்களை ஏமாற்றி அழைத்து வந்துவிட்டாய், நாளை இருபுறமும் நெருக்கி அழிப்போம்' என்ற கருத்தில் எழுதி, அது ராத்தோர் முகாமில் சிக்கும்படி செய்தார். 137 ஆண்டுகளுக்கு முன் ஷேர் ஷா செய்த அதே தந்திரம். அதே குலத்தின் மீது. அஜ்மீரை அடுத்த அதே வட்டாரத்தில்!

துர்காதாஸ் கடிதத்தைப் படித்தார். விசாரிக்காமல் நம்பவில்லை. இரவிலேயே நேராக இளவரசரின் கூடாரத்துக்குப் போனார். இளவரசர் உறங்குகிறார், எழுப்பக் கூடாது என்று காவலர் தடுத்தார்கள். இளவரசரின் முக்கிய தளபதி தஹவ்வுர் கானைத் தேடினால், அவர் ஏற்கெனவே பாதுஷாவின் முகாமுக்குப் போய்விட்டார் என்று தெரிந்தது. சாட்சியங்கள் எல்லாம் ஒரே திசையில் காட்டின. ராத்தோர்கள் விடியுமுன் கலைந்தார்கள். கண் விழித்த இளவரசரைச் சுற்றிச் சில நூறு பேரே மிஞ்சினர். போர் நடக்காமலே ஔரங்கசீப் வென்றார்.

இதுவரை 1544-இன் கதைதான். வித்தியாசம் இனிமேல்தான் வருகிறது. ஓரிரு நாட்களில் உண்மை தெரிந்ததும் துர்காதாஸ் திரும்பி வந்து, துரத்தப்பட்டு ஓடிக்கொண்டிருந்த இளவரசரைத் தம் பாதுகாப்பில் எடுத்துக்கொண்டார். இனி அவரால் ராத்தோர்களுக்கு லாபம் ஏதுமில்லை, ஆபத்துதான். இருந்தும் மொகலாயப் படைகளின் கண்ணில் மண்ணைத் தூவி, நர்மதையைக் கடந்து, மராட்டிய சத்ரபதி சம்பாஜியிடம் கொண்டு சேர்த்தார்.

இளவரசரின் இரண்டு குழந்தைகள், ஒரு பெண்ணும் ஒரு பிள்ளையும், மார்வாரில் தங்கிவிட்டார்கள். அதாவது ஔரங்கசீப்பின் பேரப்பிள்ளைகள் துர்காதாஸின் கையில் பல ஆண்டுகள் இருந்தார்கள். பணயக் கைதிகளாக வைத்து எதையும் கேட்டிருக்கலாம். அவர் மரியாதையோடு வளர்த்தார். 1690-களில் ஈசுவரதாஸ் நாகர் என்ற நாகர் பிராமண அதிகாரி தூது நடந்து, குழந்தைகள் ஒருவர் பின் ஒருவராகப் பாட்டனாரிடம் அனுப்பப்பட்டனர். பேத்திக்குக் குரான் கற்பிக்க ஆள் ஏற்பாடு செய்யலாம் என்று பாதுஷா சொன்னபோது, துர்காதாஸ் ஒரு முஸ்லிம் ஆசிரியையை அமர்த்தித் தனக்கு ஏற்கெனவே கற்பித்திருக்கிறார் என்று அந்தப் பெண் பதில் சொன்னாள். இதை எழுதி வைத்திருப்பவரும் அந்த ஈசுவரதாஸ்தான். எதிரியின் வீட்டுக் குழந்தைக்கு அதன் மதத்தைக் கற்பித்துத் திருப்பி அனுப்பிய இந்தச் செயலுக்கு முன், நூறு வாள்வீச்சுகள் எம்மாத்திரம்?

1707 மார்ச்சில் ஔரங்கசீப் இறந்தார். அதே மாதம் அஜீத் சிங் ஜோத்பூருக்குள் நுழைந்தார். 28 ஆண்டுப் போராட்டம் முடிந்தது.

வீரத்தின் மறுபக்கம்

இங்கே நிறுத்தினால் நல்ல காவியமாக இருக்கும். சரித்திரம் அப்படி நிற்பதில்லை. அரியணை ஏறிய அஜீத் சிங்கின் சபையில் துர்காதாஸுக்கு இடம் இல்லாமல் போயிற்று. தம்மை வளர்த்து ஆளாக்கியவரை அரசர் வைத்துக்கொள்ளவில்லை. மார்வாரை விட்டு வெளியேறிய துர்காதாஸ் 1718-இல், எண்பதாம் வயதில், உஜ்ஜயினியில் காலமானார். அஜீத் சிங்கையோ 1724-இல் சொந்த மகன் பக்த் சிங்கே கொன்றார். வெளியிலிருந்து வந்த போலிக் கடிதம் செய்ய முடியாததை, உள்ளே இருந்த பேராசை செய்தது.

1730-இல் அரண்மனைக்கு விறகு வேண்டும் என்று அரசரின் ஆட்கள் கேஜட்லி கிராமத்து வன்னி மரங்களை வெட்டப் போனார்கள். அம்ரிதா தேவியைத் தொடர்ந்து 363 பிஷ்னோயிகள் மரங்களைக் கட்டிக்கொண்டு உயிர்விட்டார்கள். அங்கே வீரம் வாள் பிடித்தவர் பக்கம் இல்லை. மெஹரான்கட்டின் லோஹா போல் வாயிலில், உடன்கட்டை ஏறிய அரச குலப் பெண்களின் கைச்சுவடுகள் வரிசையாக இருக்கின்றன. வீர மரபைப் பேசுபவர்கள் அந்த வாயிலையும் கடந்துதான் உள்ளே போக வேண்டும்.

1790-இல் மேர்தாவில் மஹாத்ஜி சிந்தியாவின் பிரெஞ்சு முறைப் படையை ராத்தோர் குதிரைப்படை சந்தித்தது. தெ புவான் என்ற தளபதி பயிற்றுவித்த காலாட்படை சதுர வியூகத்தில் நின்று சுட்டது. குதிரைகள் மீண்டும் மீண்டும் பாய்ந்தன. மீண்டும் மீண்டும் விழுந்தன. நெஞ்சுரத்தில் எக்குறையும் இல்லை. பீரங்கிக் குண்டின் வேகமும் குதிரையின் வேகமும் வேறு வேறு. அந்தக் கணக்கை மாற்ற எந்த நெஞ்சுரத்தாலும் முடியாது. 1818-இல் ஜோத்பூர் ஆங்கிலேயரோடு உடன்படிக்கை செய்துகொண்டது.

ஹைஃபா: கணக்கோடு சேர்ந்த துணிவு

நூறு ஆண்டுகள் கழித்து அந்தக் கணக்கை ராத்தோர்கள் கற்றுக்கொண்டதைப் பார்க்கிறோம். 1889-இல் சர் பிரதாப் சிங் ஜோத்பூர் லான்ஸர்ஸ் என்ற ஈட்டிக் குதிரைப்படையை நிறுவினார். ஜோத்பூர் பாணிக் குதிரைச் சவாரிக் கால்சட்டை இங்கிலாந்தில் பரவக் காரணமானவரும் இவரே. ராத்தோர்களோடு பிற ராஜபுத்திரக் கிளையினரும், காயம்கானி முஸ்லிம்களும் இப்படையில் இருந்தனர். 1914-இல் எழுபது வயதை நெருங்கிய பிரதாப் சிங் தாமே படையோடு பிரான்ஸ் போர்முனைக்குப் புறப்பட்டார்.

1918 செப்டம்பர் 23. பாலஸ்தீனத்தில் ஹைஃபா துறைமுகம் துருக்கியர் கையில் இருந்தது. ஒரு புறம் கார்மேல் மலை, அதன்மேல் பீரங்கிகள். மறுபுறம் கிஷோன் ஆறு, கரையில் புதைமணல். நடுவில் குறுகிய வழி, அதில் இயந்திரத் துப்பாக்கிகள். ஈட்டியும் வாளும் பிடித்த குதிரைப்படை இதைத் தாக்குவது வெறும் தற்கொலை என்றே தோன்றும். ஆனால் இம்முறை திட்டம் இருந்தது. மைசூர் லான்ஸர்ஸ் படையின் ஒரு பிரிவு மலைமேல் சுற்றி ஏறிப் பீரங்கிகளைத் தாக்க, அதே நேரத்தில் ஜோத்பூர் லான்ஸர்ஸ் கீழே பாய்ந்தது. புதைமணலில் முன்னணிக் குதிரைகள் சிக்கியவுடன் படை இடப்பக்கம் திரும்பி மலைச்சரிவில் ஏறி, இயந்திரத் துப்பாக்கிகளைக் கைப்பற்றி, நகருக்குள் நுழைந்தது. தலைமை தாங்கிய மேஜர் தாக்கூர் தல்பத் சிங் வீர மரணம் அடைந்தார்.

சுமார் 1,350 கைதிகள், 17 பீரங்கிகள், 11 இயந்திரத் துப்பாக்கிகள் பிடிபட்டன. நம் தரப்பில் இறந்தவர் 8, காயமுற்றவர் 34. மடிந்த குதிரைகள் 60. மனிதரைவிடக் குதிரைகளே அதிக விலை கொடுத்தன. பாலைவனத்து வீரன் மலையேறிய மைசூர்க்காரனை நம்பினான். அவனும் இவனை நம்பினான். ஒருவரை ஒருவர் அறியாத இரு ராஜ்யத்துப் படைகள் குறித்த நேரத்தில் குறித்த இடத்தில் இருந்தன. மேர்தாவில் இல்லாதிருந்தது இதுதான்.

மூன்றாம் காகிதம்: 1947

மூன்றாம் காகிதத்தில் எழுத்தே கிடையாது. 1947 ஜூனில் தந்தை இறந்ததால் அரியணை ஏறிய மஹாராஜா ஹன்வந்த் சிங்குக்கு அப்போது 24 வயது. ஜோத்பூர் ராஜ்யம் பாகிஸ்தான் எல்லையை ஒட்டியது. ஜின்னா அவரையும் ஜெய்சல்மேர் இளவரசரையும் சந்தித்து, ஒரு வெற்றுத் தாளில் தம் கையெழுத்தை இட்டு, என்ன நிபந்தனை வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளும்படி பேனாவையும் கொடுத்தார் என்று வி.பி. மேனன் எழுதியிருக்கிறார். ஜெய்சல்மேர் இளவரசர், இந்துக்களுக்கும் முஸ்லிம்களுக்கும் தகராறு வந்தால் இந்துக்களுக்கு எதிராகத் தாம் நிற்க முடியாது என்றார். அந்தச் சொல் ஹன்வந்த் சிங்கை யோசிக்க வைத்தது. வீட்டுக்குப் போய்த் தாயாரைக் கலந்துகொண்டு சொல்வதாகக் கிளம்பிவிட்டார்.

மறுபக்கத்தில் இந்த விவகாரத்தைக் கையாண்டவர் அந்த மேனன்தான். அன்றைய சென்னை மாகாணத்து ஒற்றப்பாலத்தில் பிறந்து, குமாஸ்தாவாக அரசுப் பணியில் சேர்ந்து, சமஸ்தான இலாகாவின் செயலாளராக உயர்ந்தவர். மார்வாருக்குப் பஞ்ச காலத்தில் தானியம், கச்சுத் துறைமுகத்துக்கு ரயில் பாதை, ஆயுதக் கட்டுப்பாட்டில் தளர்வு ஆகிய மஹாராஜாவின் கோரிக்கைகள் ஏற்கப்பட்டன. பேச்சுவார்த்தையின் சூட்டில் இளம் மஹாராஜா மேனனுக்கு நேரே துப்பாக்கியை நீட்டிய சம்பவமும் நடந்தது. மேனன் அசையவில்லை. சுதந்திர தினத்துக்கு முன்பே ஜோத்பூர் இந்தியாவோடு இணைந்தது. எழுதாத தாளில் என்ன வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளலாம் என்பதே அதன் ஆபத்து. ஏற்கக்கூடியது, கூடாதது என்று வரி வரியாக எழுதிய ஒப்பந்தம் அதை வென்றது.

1953-இல் ஜோத்பூர், மைசூர் உள்ளிட்ட சமஸ்தானக் குதிரைப்படைகள் ஒன்றாகி 61-ஆவது குதிரைப்படை உருவாயிற்று. ஹைஃபாவில் ஆளுக்கொரு பக்கமாகப் பாய்ந்தவர்கள் ஒரே கொடியின் கீழ் வந்தார்கள்.

நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது

ராத்தோர்களுக்கு எந்தக் காலத்திலும் துணிவுக்குப் பஞ்சம் இருந்ததில்லை. 1544-இல் தோற்றதும் துணிவு குறைந்து அன்று, நம்பிக்கை குறைந்ததால். ஒரு பட்டுப் பையில் வந்த கடிதம், ஒரு தலைமுறை விசுவாசத்தை ஓர் இரவில் அழித்தது. 1681-இல் அதே பொறியில் விழுந்தும், துர்காதாஸ் உண்மை தெரிந்தவுடன் திரும்பி வந்தார். பெருமை ஏமாறாமல் இருந்ததில் இல்லை. திரும்பி வந்ததில் இருக்கிறது.

இன்று பட்டுப் பைகள் இல்லை. கைபேசியில் தினமும் பத்துக் கடிதங்கள் வந்து விழுகின்றன. யார் எழுதியது, எதற்கு எழுதியது என்பது தெரியாது. அண்ணன் தம்பிகளும், நாற்பது வருட நண்பர்களும் அவற்றைப் படித்துவிட்டு ஒருவரோடு ஒருவர் பேசாமல் இருப்பதை நாம் பார்க்கிறோம். படித்ததும் கூடாரத்தைக் காலி செய்யாமல், துர்காதாஸைப் போல நேரே போய்க் கேட்பது ஒன்றே வழி. உறங்குகிறார் என்று சொன்னால், விடியும் வரை காத்திருக்கலாம்.

டெல்லியில் உள்ள அங்கத்தினர்கள் தீன் மூர்த்தி சதுக்கத்தை எத்தனையோ முறை கடந்திருப்பீர்கள். அங்கே நிற்கும் மூன்று வெண்கல வீரர்கள் ஜோத்பூர், மைசூர், ஹைதராபாத் லான்ஸர்ஸ் படைகளைக் குறிப்பவர்கள். 2018-இல் அச்சதுக்கத்துக்குத் தீன் மூர்த்தி ஹைஃபா சதுக்கம் என்று பெயர் மாற்றினார்கள். பெங்களூரில் இருப்பவர்கள் ஜெ.சி. நகரில் மைசூர் லான்ஸர்ஸ் நினைவுத் தூணைப் பார்க்கலாம். மஹாகாளேசுவரர் தரிசனத்துக்காக உஜ்ஜயினி செல்பவர்கள் கட்டாயம் ஷிப்ரா நதிக்கரைக்குப் போய் வாருங்கள். அங்கே துர்காதாஸின் நினைவு மண்டபம் இருக்கிறது. ஒரு ராஜ்யத்தைக் காப்பாற்றிக் கொடுத்தவருக்கு அந்த ராஜ்யத்தில் ஒரு சமாதி அமையவில்லை. ஆனால் தாய் பிள்ளை பெற்றால் துர்காதாஸைப் போன்ற பிள்ளையைப் பெறட்டும் என்று மார்வார் மக்கள் இன்றும் வாழ்த்துகிறார்கள். அவரை வெளியேற்றிய அரசரின் பெயரைச் சொல்லி அங்கே யாரும் வாழ்த்துவதில்லை.